ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன தேதி?

திருவொற்றியூரில் ரயில்வே லைனை ஒட்டி நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, 'இன்று' என்று தலைப்புப் போட்டு, அந்தத் தேதியில் முன்பு என்னென்ன நடந்தது என்று எழுதிவைப்பது வழக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று நானேதான் ஆரம்பித்துவைத்தேன். சில வருசத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர் 11 சாயங்காலம், பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். 1893, சிகாகோவில் விவேகானந்தர் பேச்சு. 1906, ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர் கூட்டம், காந்தியின் சத்தியாக்கிரகத் தொடக்கம். 1921, பாரதியார் மறைவு. 1948, ஜின்னா மறைவு. 1973, சிலியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, அதிபர் அயெந்தே சாவு. 2001, நியூயார்க் இரட்டைக் கோபுரம்.

பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண். பரமக்குடிப் பக்கமிருந்து எண்ணூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். "அண்ணா, எங்க ஊர்ல இன்னைக்குக் குருபூசை. எங்க அப்பா நேத்தே பஸ் ஏறிட்டாரு. அது ஏன் போர்டுல இல்ல?" என்றாள்.

கையில் சாக்பீஸ் இருந்தது. எனக்குத் தெரியாத விசயமா அது? மேடையில் பேசியிருக்கிறேன். துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். பத்து வருசமாக 'வரலாற்றிலிருந்து நம்மை விலக்கிவைத்திருக்கிறார்கள்' என்று மற்றவர்களைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள், என் கையாலேயே, என் சொந்தப் பலகையில் அவரை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். இது மறதி இல்லை. புத்தகத்தில் இல்லாததால் கை எழுதவில்லை, அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தை எழுதினவனுக்கும் அதற்கு முந்தின புத்தகத்தில் இருந்திருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வடக்கே இருக்கிற எங்களுக்கு இமானுவேல் சேகரன் 'தெற்கத்தி ஆளு'. எங்க தெருவில் அம்பேத்கர் படம் இருக்கும், எம்.சி. ராஜாவைக்கூட ரெண்டு பேருக்குத் தெரியும்; இமானுவேல் படம் தெற்கேயிருந்து வந்தவர்கள் வீட்டில் மட்டும்தான் தொங்கும். சாதிக்கு ஒரு காலண்டர் வைத்துக்கொண்டு தலித் ஒற்றுமை பேசுகிறோம். அவர்களிலும் பலர் இப்போது 'எங்களை அந்தப் பேரில் சேர்க்காதே' என்கிறார்கள். அது வேறு சண்டை, இங்கே வேண்டாம்.

பின்பெஞ்சில் இருந்த ஒரு பையன் அடுத்த கேள்வியைப் போட்டான். "ஒரே தேதில இத்தினி பேரு செத்துகிறாங்களே, அதுக்கு இன்னாண்ணா அர்த்தம்? சும்மா வந்து வுழுந்ததா?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் கேள்வி லேசுப்பட்டதில்லை.

முதலில் கணக்கு வாத்தியார் சொல்கிற பதிலைச் சொன்னேன். வருசத்துக்கு 365 நாள்தான். மனுசன் செய்வதும் சாவதும் கோடிக்கணக்கு. அத்தனையும் 365 பெட்டிக்குள் விழுந்தாக வேண்டும். 23 பேர் ஒரு அறையில் இருந்தால் அதில் ரெண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று அதிகம். விவேகானந்தர் பேசினதற்கும் அயெந்தே செத்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் இருக்கிறது என்று எவனாவது சொன்னால் அவன் ஜோசியம் விற்கிறான் என்று அர்த்தம். நட்சத்திரமும் திதியும் பார்த்து நம்மைச் சேரியில் வைத்தவர்களோடு சண்டை போடுகிற நாம், தேதியை வைத்து இன்னொரு ஜோசியம் கட்டக் கூடாது. இது வரைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எங்க வீட்டுக்குள்ளேயே ஒரு பொருத்தம் உண்டு. எங்க நைனாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே பிறந்தநாள், ஜூன் 1. வருசம்தான் வேறே. எதிர்வீட்டு மாமாவுக்கும் ஜூன் 1. அந்த வயசுக்காரர்களின் வாக்காளர் அட்டைகளை வாங்கி அடுக்கிப் பார்த்தால் தெருவில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்கள். என்ன அதிசயம்? ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஆயாவுக்குத் தேதி தெரியவில்லை. "மழ வுட்ட மறுநாளு சாமி" என்று சொல்லியிருக்கும். ஹெட்மாஸ்டர் அஞ்சு வயசு சரியாக வருகிற மாதிரி ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். எளிதாக இருக்க எல்லாருக்கும் ஒரே தேதி. கணக்கு வாத்தியார் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்? இது தற்செயல் இல்லை. ஒரு பேனா செய்த வேலை.

அதே ஆயாவுக்கு எம்டன் தெரியும். அதோட அம்மா எம்டன் குண்டு போட்ட வருசத்தில் கைப்பிள்ளையாம். எம்டன் கப்பல் வந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் பர்மா கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. மணி முதற்கொண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் எண்ணெய் எரிந்தால் தேதி நிற்கிறது. எங்க கொள்ளுப்பாட்டி பிறந்தால் 'எம்டன் வருசம்' என்று அந்தத் தேதியின் நிழலில் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேண்டுமென்றே ஒரே நாளில் வைப்பதும் உண்டு. அண்ணாவும் தோழர்களும் பவளக்காரத் தெருவில் கூடித் தி.மு.க.வைத் தொடங்கியது 1949 செப்டம்பர் 17. மறுநாள் நம்ம ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் முதல் பொதுக்கூட்டம். செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாள். பெரியாரைவிட்டுப் பிரிந்து வந்தவர்கள் பெரியார் பிறந்தநாளில் கட்சி தொடங்கியதை யாரும் தற்செயல் என்று சொல்வதில்லை. பிரிகிறவனுக்கும் உறவைக் காட்ட ஒரு தேதி தேவைப்படுகிறது.

இதற்கு நேர் எதிரானது டிசம்பர் 6. 1956இல் அம்பேத்கர் கண்மூடிய நாள். 1992இல் அதே தேதியில் பாபர் மசூதியை இடித்தார்கள். இடித்தவர்கள் அம்பேத்கரை நினைத்துச் செய்தார்களா, நினைக்காமல் செய்தார்களா என்ற விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. எது நிஜமானாலும் விளைவு ஒன்றுதான். இன்று டிசம்பர் 6 என்றால் சென்ட்ரலில் போலீஸ் சோதனை. மாலையைத் தூக்கிக்கொண்டு சிலைக்குப் போகிற எங்க ஆட்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்கள். துக்கம் கொண்டாடப் போகிறவன் சந்தேகத்துக்கு உரியவனாகப் போய்வர வேண்டியிருக்கிறது.

சரி, செப்டம்பர் 11க்கு வருவோம். பையன் கேட்டது அதைத்தானே.

பாரதி செத்தது 11ஆம் தேதியா? எம்.ஏ. படிக்கும்போது ஒரு மார்க் கேள்வியில் 12 என்று எழுதி அந்த ஒரு மார்க்கை இழந்தவன் நான். திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது நடுராத்திரி தாண்டி ஒரு மணிக்கு மேல். மாநகராட்சிப் பதிவேட்டில் 1921 செப்டம்பர் 12. சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள் என்று எண்ணுகிற நம்மூர் வழக்கத்தில் அது 11ஆம் தேதி ராத்திரி. அரசாங்கமும் 2021இல் செப்டம்பர் 11ஐத்தான் மகாகவி நாள் என்று அறிவித்தது. ஒரே சாவுக்கு ரெண்டு தேதி. அறிஞர்கள் இதைப்பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அது வெறும் ஆராய்ச்சிப் பிரச்சினை இல்லை. ஏனென்றால் எங்க நைனாவுக்கும் ரெண்டு தேதி.

2003. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நைனா எண்ணூர் பக்கம் ஒரு ஆலையில் காண்ட்ராக்ட் கூலி. பேர் வேண்டாம். மூணாவது ஷிப்ட்டு, ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போனால் காலையில் ஆறு மணிக்கு வெளியே. 17ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டுத் தூக்கோடு போனவர். ரெண்டு மணி வாக்கில் மேலேயிருந்து சரக்கு சரிந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் எழுதினது 18. அங்கேதான் பிடித்துக்கொண்டார்கள். 17ஆம் தேதி மஸ்டரில் நைனா பேருக்கு நேரே ஆஜர் போட்டிருக்கிறது. 18ஆம் தேதி மஸ்டரில் பேரே இல்லை. எப்படி இருக்கும்? 18ஆம் தேதி ராத்திரிக்கு அவர் வந்தால்தானே போடுவார்கள்? "18ந் தேதி மேற்படி நபர் எங்களிடம் வேலை பார்க்கவில்லை" என்று காண்ட்ராக்டர் எழுதிக்கொடுத்தார். படித்துப் பாருங்கள். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. செத்த மனுசனை ரெண்டு தேதிக்கு நடுவிலிருந்த சந்தில் தள்ளிவிட்டார்கள். வேலைக்குப் போன தேதியில் சாகவில்லை. செத்த தேதியில் வேலைக்குப் போகவில்லை.

அம்மாவும் பெரியப்பாவும் நாலு வருசம் அலைந்தார்கள். கடைசியில் யூனியன் தோழர் ஒருத்தர் 1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தச் சட்டத்தில் 'நாள்' என்றால் நடுராத்திரியில் தொடங்கும் இருபத்துநாலு மணி நேரம் என்றுதான் முதலில் சொல்லியிருக்கும். ஆனால் 57ஆம் பிரிவில் ஒரு விலக்கு. நடுராத்திரியைத் தாண்டுகிற ஷிப்ட்டில் வேலை செய்கிறவனுக்கு, பன்னிரண்டு மணிக்கு மேல் உழைத்த நேரமெல்லாம் முந்தின நாள் கணக்கில் சேரும். ஷிப்ட்டு முடிந்த பிறகுதான் அவனுக்கு அடுத்த நாள் ஆரம்பம். ரெண்டு மணி என்பது அப்போது 17ஆம் தேதிதான். தோழர் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினபோது அம்மா, "அப்ப அது அன்னிக்கித்தான் செத்துச்சு, நான் சோறு கட்டிக் குட்த்த அன்னிக்கி" என்று மட்டும் சொல்லிச்சு. நஷ்டஈடு வந்தது, பாதிதான். அது இருக்கட்டும்.

அன்றிலிருந்து தேதி என்றால் எனக்குச் சந்தேகம். தேதி வானத்திலிருந்து வருவதில்லை. ஒருத்தர் எழுதுகிறார், இன்னொருத்தர் எழுதாமல் விடுகிறார். எழுதுகிறவர் யார் பக்கம் என்பதைப் பொறுத்து நடுராத்திரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும்.

பாரதியின் சாவும் இமானுவேலின் சாவும் ஒரே தேதியில் வந்தது எப்படி? செல்லூர்க்காரர். 1924 அக்டோபர் 9 பிறப்பு. பதினெட்டு வயசில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை. பிறகு ராணுவம். ஊருக்குத் திரும்பி வந்து தீண்டாமைக்கு எதிராக ஆட்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10ஆம் தேதி முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்தார், சமமாகப் பேசினார். நாற்காலியில் உட்கார்ந்தது ஒரு சம்பவமாக இருந்த காலம். மறுநாள் 11ஆம் தேதி சாயங்காலம் ஒரு விழாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். முப்பத்துமூணு வயசு முடியவில்லை. இதை எழுதுகிற எனக்கு அதைவிட அதிகம். தொடர்ந்து மூண்ட கலவரத்தில் பல ஊர்கள் எரிந்தன. வழக்கில் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டிருந்த முத்துராமலிங்கத் தேவர் 1959இல் விடுதலையானார்.

சாயங்காலம் அவர் போன விழா எது? பாரதி நினைவு நாள் விழா.

இங்கேதான் கணக்கு வாத்தியாரின் 365 பெட்டி எனக்குப் போதவில்லை. பாரதி விழா அவரைக் கொல்லவில்லை. அவரைக் கொன்றது முந்தின நாள் நாற்காலி. ஆனாலும் ரெண்டு சாவும் ஒரே தேதியில் நிற்பதற்கு நடுவில் ஒரு மனுசன் நடந்த தூரம் இருக்கிறது. 'சாதிகள் இல்லை' என்று பாடின ஒரு பார்ப்பனக் கவிஞனை மதித்து, அவன் நாளைக் கொண்டாடப் போனார். அந்தக் கவிஞன் புதுச்சேரியில் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்டதைப்பற்றி எனக்கு விமர்சனம் உண்டு. கயிறு போட்டால்தான் சமமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியையும் வைத்துக்கொண்டே பாரதியைப் படிக்கிறேன். ஆனால் இதைக் கேட்காமல் முடியாது: இமானுவேல் பாரதி நாளைக் கொண்டாடினார். பாரதி நாள் இமானுவேலைக் கொண்டாடியதா? இத்தனை வருசமாகப் பள்ளிக்கூடங்களில் செப்டம்பர் 11 அன்று பேச்சுப்போட்டி நடக்கிறதே, இந்தக் கவிஞன் விழாவுக்குப் போய்விட்டு வந்த ராத்திரியில் ஒருத்தர் கொல்லப்பட்டார் என்று எந்தப் பிள்ளையாவது பேசிக் கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை. நானும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுத்தது 2011. அந்தச் செப்டம்பர் 11 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு நாளைக்கு முன்னால்தான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு தலித் பள்ளி மாணவன் கொல்லப்பட்டிருந்தான். நினைவிடத்துக்கு ஜனம் வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியனை வழியிலேயே கைது செய்தார்கள். ஐந்துமுனைச் சாலையில் மறியல். துப்பாக்கிச் சூடு, தடியடி. ஆறு உயிர். பிறகு அமைத்த நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்திவிட்டது.

நான் அப்போது எம்.ஏ. மாணவன். தேரடிப் பக்கம் டீக்கடை டிவியில் நியூயார்க் ஓடிக்கொண்டிருந்தது. அது பத்தாவது வருசம் இல்லையா? செத்தவர்கள் ஒவ்வொருத்தர் பேரையும் உறவுக்காரர்கள் வரிசையில் நின்று வாசிக்கிறார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேர். கீழே ஓடுகிற எழுத்தில் 'பரமக்குடி' என்று ஒரு வரி வந்து வந்து போனது. நியூயார்க்காரன் மீது எனக்குக் கோபமில்லை. செத்தவன் பேரை வாசிப்பது நியாயமான காரியம். மூவாயிரம் பேரை வாசிக்க நேரம் இருக்கிற உலகத்தில் ஆறு பேரை வாசிக்க எத்தனை நிமிசம் ஆகும் என்றுதான் அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன்.

2001உம் 2011உம் ஒரே தேதியில் வந்தது தற்செயல். 1957உம் 2011உம் ஒரே தேதியில் வந்தது தற்செயல் இல்லை. அந்த நாள் என்பதால்தான் அவர்கள் அங்கே வந்தார்கள். அந்த நாள் என்பதால்தான் போலீசும் துப்பாக்கியோடு நின்றது. நினைவு நாள் கொண்டாடப் போனதுதான் அவர்கள் செத்ததற்கு இடமும் நேரமும் கொடுத்தது. 1957இலும் ஒருத்தர் நினைவு நாளுக்குப் போய்த்தான் திரும்பினார். பையனுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். சில பொருத்தம் தானாக வந்து விழுகிறது. சிலவற்றை ஒருத்தர் பேனா உண்டாக்குகிறது. இன்னும் சிலவற்றுக்கு, ஒரு சாவை நினைக்க வந்தவன் இன்னொரு சாவாகிறான். மூணையும் ஒரே பேரில் 'தற்செயல்' என்று சொல்லிவிட்டுப் போவது அறியாமையாக இருந்தால் மன்னிக்கலாம். பெரும்பாலும் அது வசதி.

அப்படியானால் எழுதப்படாத நாட்கள்? பாரதி கடைசி மாசங்களில் சுதேசமித்திரனில் வேலை பார்த்தார். ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டு வந்தார். அதே மாசங்களில்தான் பின்னி ஆலை வேலைநிறுத்தம். 1921 ஜூனில் தொடங்கியது. வேலைக்குத் திரும்பின ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் மோதல், புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29இல் போலீஸ் துப்பாக்கிச் சூடு. வேலைநிறுத்தம் முடிய அக்டோபர் ஆனது. திருவல்லிக்கேணியில் அவர் படுத்திருந்தபோது சில மைல் தள்ளி வீடு எரிந்த எங்க ஆட்கள் கிடந்தார்கள். தொழிற்சங்க வரலாறு அவர்களைக் 'கருங்காலிகள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடும். எம்.சி. ராஜா அவர்களுக்காகப் பேசினதை அடிக்குறிப்பில் போடும். வடசென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு எம்.ஏ. முடித்த பிறகுதான் இது தெரியும். பாரதி இறுதி ஊர்வலத்துக்கு இருபது பேர்கூட வரவில்லை என்று வருசா வருசம் நொந்துகொள்கிறோம். சரிதான், வெட்கக்கேடுதான். 1921 செப்டம்பர் 11 அன்று புளியந்தோப்பில் ஒரு குழந்தை பிறந்திருக்கலாம், ஒரு கிழவி செத்திருக்கலாம். அந்த நாளும் பாரதியின் நாளும் ஒரே நாள்தான். ஒரே ஊர்தான்.

இதற்காகப் பலகையிலிருந்து பாரதியை அழித்துவிட வேண்டுமா என்று தோழர் ஒருத்தர் கேட்டார். அழிக்க வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் இமானுவேலை எழுதாமல் அவரை மட்டும் எழுதினால் அவர் வரியும் அரைகுறைதான்.

அடுத்த வருசம் செப்டம்பர் 11க்குச் சாக்பீசை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். முதலில் 1957 எழுதினாள். அதற்குக் கீழே 2011. துப்பாக்கிச் சூட்டில் செத்த ஆறு பேரின் பேரையும் அப்பாவிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. பாரதிக்கு '11 ராத்திரி' என்று எழுதினாள். சிகாகோவுக்கு இடமில்லை. பின்பெஞ்சுப் பையன், "உங்க நைனாவ எந்தத் தேதிலண்ணா எழுதுவீங்க?" என்று கேட்டான்.

அம்மாவிடம் நான் அதைக் கேட்டதில்லை. ஒவ்வொரு வருசமும் 17ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு அம்மா நைனா படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றும். தூங்காது. பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். காலையில் ஆறு மணிக்கு எழுந்து விளக்கை அணைத்துவிட்டு, தண்ணி பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு போகும்.